சீனாக்காரன் காசும் எங்கூரு அம்மன் காசும்

ரொம்ப நாளா ஆளைக் காணோமேன்னு யாரும் தேடியிருக்க மாட்டீங்க, இருந்தாலும் நானே சொல்லிடுறேன். புதுக்கோட்டையில பொறந்து, திருச்சியில எஞ்சினியரிங் முடிச்சு, சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருந்தவனை ஒன்றரை வருஷம் சீனாவுக்கு ஆணி புடுங்க அனுப்பிட்டாங்க. ஊர் பேரு சியாமென். வெள்ளைக்காரன் காலத்துல ஆமோய்னு சொல்லுவாங்களே, அதேதான். ஃபூஜியன் மாகாணம், கடற்கரை ஊரு.

போன புதுசுல பார்த்ததெல்லாம் வேடிக்கைதான். எந்த ஓட்டலுக்குப் போனாலும் முதல்ல வெந்நீர்தான் வைப்பாங்க, அதுவும் கத்திரி வெயில் மாதிரி கொளுத்துற நாள்ல. ஆபீஸ்ல மதியச் சாப்பாடு முடிஞ்சதும் லைட்டை அணைச்சுட்டு, மேசைக்கு அடியில இருந்து மடக்குக் கட்டிலை உருவிப் போட்டு ஒட்டுமொத்த டீமும் தூங்கும் (இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த நாட்டுக்குக் கோயில் கட்டலாம்). நான் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட்ல நாலாம் நம்பரே கிடையாது. நாலுங்கிற சொல்லும் சாவுங்கிற சொல்லும் அவங்க காதுக்கு ஏறக்குறைய ஒண்ணுதானாம்.

ஒரு நாள் கொய்யாப்பழம் வாங்கப் போனேன். விலை கேட்டதுக்கு அந்தம்மா கட்டை விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டிக் காட்டிச்சு. போன் பண்ணச் சொல்லுதுன்னு நெனச்சு நானும் போனை எடுத்து நீட்டுறேன். அந்தம்மா சிரிக்குது. அப்புறம்தான் தெரிஞ்சது, அது ஆறு. ஒத்தைக் கையிலயே ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் காட்டுறதுக்கு அவங்ககிட்ட ஒரு கணக்கு இருக்கு. எனக்கு உடனே நம்ம ஊரு மாட்டுத் தரகர்கள் ஞாபகம் வந்துட்டாங்க. துண்டைக் கையில போட்டு மூடி, உள்ளுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்களே! அவங்க ரகசியமா பண்ணுறதை இவங்க வெளிச்சத்துல பண்ணுறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கொய்யாப்பழத்துக்கு ஆறு யுவானை எடுத்து நீட்டினா அந்தம்மா சில்லறை இல்லைன்னு கையை விரிக்குது. தராசுக்குப் பக்கத்துல ஒரு அட்டை. அதுல கட்டம் கட்டமா கறுப்பு வெள்ளை கோடு. போன்ல காட்டினா பணம் போயிடும். நம்ம ஊருலயும் இப்போ அதே கதைதான், கீரைக்காரம்மா கூட அட்டையைத் தொங்க விட்டிருக்கு. ஆனா அங்க இருந்தப்போ நான் வாரக்கணக்குல ஒரு நாணயத்தைக் கூட கண்ணால பார்க்கலைங்க. காகித நோட்டைக் கண்டுபிடிச்ச நாடு, அதைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கு.

அப்படி இருக்கிறப்போதான் ஒரு ஞாயித்துக்கிழமை பழைய சாமான் விக்கிற தெருவுக்குப் போனேன். பழைய கடிகாரம், உடைஞ்ச பீங்கான், மாவோ படம் போட்ட பேட்ஜ். நடுவுல ஒரு தாத்தா கூறு கட்டி வெச்சிருந்தாரு, செம்பும் பித்தளையுமா, நடுவுல சதுர ஓட்டை போட்ட காசுகள். பக்கத்துல வெளிநாட்டுக்காரங்களுக்காக ஆங்கிலத்துல ஒரு அட்டை: 'சைனீஸ் கேஷ்'.

கேஷ்! எனக்கு மண்டைக்குள்ள மணி அடிச்சிருச்சு. கூட வந்த ஆபீஸ் நண்பர்கிட்ட (உள்ளூர்க்காரர்) நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுச் சொன்னேன், "இந்தா பாருங்க, உலகம் பூரா பணத்தைக் கேஷ்னு சொல்றாங்கல்ல, அது எங்க தமிழ்ச் சொல்லு. காசு!" அவர் அமைதியா ஒரு கேள்வி கேட்டாரு. "அப்படியா, எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்? காலேஜ் படிக்கிறப்போ எவனோ அனுப்பின மெயில்ல படிச்சது. 'தமிழ்ல இருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள்'னு ஒரு பட்டியல் வருமே. கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு, அணைக்கட்டு, அப்புறம் காசு. நானும் அதை நாலு பேருக்கு அனுப்பியிருக்கேன். அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். ரெண்டு மணி நேரத்துல மூஞ்சி தொங்கிப் போச்சு.

ரொக்கம்ங்கிற அர்த்தத்துல ஆங்கிலத்துல இருக்கிற கேஷ் நம்மளுது இல்லீங்க. அது பிரெஞ்சு 'கெஸ்', இத்தாலிய 'காஸ்ஸா' வழியா வந்தது. அர்த்தம் பெட்டி. பணம் வைக்கிற பெட்டிக்கு இருந்த பேரு, அப்புறம் பெட்டிக்குள்ள இருந்த பணத்துக்கு ஆயிடுச்சு. கல்லாவுல எவ்வளவு இருக்குன்னு நாம கேக்கிற மாதிரி. அதுக்கும் மூலம் லத்தீன். பெருமைப்பட ஒண்ணும் இல்லை.

ஆனா மக்களே, அதோட கதை முடியலை. ஆங்கில அகராதியில கேஷ்னு இன்னொரு சொல்லு இருக்கு. எழுத்து அதே எழுத்து, பிறப்பு வேற. ஆசியாவுல புழங்கின சின்ன மதிப்புள்ள நாணயங்களுக்கு, குறிப்பா சீனாவோட ஓட்டைக்காசுக்கு வெச்ச பேரு. அந்தக் கேஷ் போர்த்துகீசிய 'கைஷா' வழியா நம்ம 'காசு'ல இருந்து போனது. ஹாப்சன் ஜாப்சன் அகராதியிலயே இருக்கு. அந்தத் தாத்தா அட்டையில எழுதி வெச்சிருந்தாரே, அதே கேஷ்! அதாவது நான் சொன்ன பொதுவான பெருமை தப்பு. ஆனா அன்னைக்கு என் விரல் எந்தக் காசைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சோ, அந்தக் காசைப் பொறுத்த மட்டும் சரி. இதுக்குப் பேருதான் குருட்டு அதிர்ஷ்டம் :-)

எப்படிப் போச்சுங்கிறதுதான் சுவாரசியம். போர்த்துகீசியர்கள் 1498ல கோழிக்கோட்டுக்கு வந்தாங்க, 1511ல மலாக்காவைப் பிடிச்சாங்க. மலாக்காவுல அப்போ பெரிய வியாபாரிகள்ல ஒரு முக்கியக் கூட்டம் சோழமண்டலக் கரையில இருந்து போன தமிழர்கள். மலாய்க்காரங்க 'கெலிங்'னு சொல்லுவாங்க. சில்லறை நாணயம் எதுவா இருந்தாலும் நம்மாளுக்கு அது காசுதான். செம்போ ஈயமோ, ஓட்டை இருக்கோ இல்லையோ. போர்த்துகீசியன் காதுல 'காசு' விழுது. அவன் மொழியில ஏற்கெனவே 'கைஷா'ன்னு ஒரு சொல் இருக்கு. அர்த்தம் என்ன தெரியுமா? பெட்டி! தெரிஞ்ச சொல்லு மாதிரி இருக்கவும் அதே எழுத்துல எழுதிட்டான். தோமே பிரெஷ்னு ஒரு மருந்து வியாபாரி, 1512ல இருந்து 1515 வரைக்கும் உட்கார்ந்து எழுதின 'சுமா ஓரியெண்டல்' புத்தகத்துல மலாக்காவோட ஈயக் காசுகளை அப்படித்தான் சொல்றாரு. அந்த மனுஷனே 1517ல போர்ச்சுகலோட முதல் தூதரா சீனாவுக்குப் போனாரு. சொல்லும் கூடவே கப்பல் ஏறிடுச்சு. அப்புறம் வந்த ஆங்கிலேயர்களும் அதையே எடுத்துக்கிட்டு கேஷ்னு எழுதினாங்க. பெட்டியில இருந்து வந்த கேஷும், நம்ம காசுல இருந்து வந்த கேஷும் ஒண்ணா மாறிப் போன கதை இதுதான்.

ஆங்கிலேயர்களுக்கு இந்தச் சொல்லை மெட்ராஸ்லயும் விட முடியலை. கம்பெனிக்காரங்க கணக்குல 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா. 1808ன்னு வருஷம் போட்ட கேஷ் செப்புக்காசுகளை மெட்ராஸுக்காக இங்கிலாந்துல அடிச்சாங்க. அதுல ஒரு பெரிய சரக்கை ஏத்திக்கிட்டுக் கிளம்பின 'அட்மிரல் கார்ட்னர்'ங்கிற கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்து கரையைத் தாண்டுறதுக்குள்ளேயே மணல்திட்டுல மாட்டி முங்கிருச்சு. ஏராளமான காசு பின்னாடி கடலுக்கடியில இருந்து கிடைச்சு, இப்போ இணையத்துல ஏலம் போகுது. மெட்ராஸ் மளிகைக் கடைக்குப் போயிருக்க வேண்டிய சில்லறை.

சீனாக்காரன் அவன் காசை என்னன்னு சொல்றான்? 'சியென்'. கேஷ்னு சொன்னா அந்தத் தாத்தாவுக்கே புரியாது, அட்டையை யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க. அச்சுல உலோகத்தைக் காய்ச்சி ஊத்திப் பண்ணின காசு அது. நம்ம பழைய காசு மாதிரி சுத்தியால அடிச்சது இல்லை. ஊத்தி எடுத்த காசோட ஓரம் பிசிறா இருக்கும். நிறையக் காசை ஒரு சதுரக் கம்பியில கோத்து, மொத்தமா அரத்தால ராவுவாங்க. ஓட்டை வட்டமா இருந்தா காசு கம்பியில சுத்தும், ராவ முடியாது. சதுரம்னா நிக்கும். வானம் வட்டம், பூமி சதுரம்னு தத்துவ விளக்கமும் உண்டு. பொட்டி தட்டுறவனுக்கு அரம் விளக்கம்தான் பிடிச்சிருக்கு. கி.மு. 221ல சின் பேரரசன் நாட்டை ஒண்ணாக்கினப்போ ஓட்டைக்காசை எல்லாருக்கும் பொதுவாக்கினான். 20ம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும் அந்த வடிவம் மாறவே இல்லை. 1000 காசு கோத்தா ஒரு சரம். பெரிய தொகைன்னா சரத்துல சொல்லுவாங்க. சின்னப் பசங்க ஓட்டையில இறகைச் செருகிக் காலால தட்டி விளையாடுவாங்க.

இப்போ நம்மாளுங்க உள்ள வர்றாங்க. ராஜராஜன் அனுப்பின தூதுக்குழு 1015ல சோங் அரசவைக்குப் போய்ச் சேருது. சீனக் குறிப்புப்படி ஊரை விட்டுக் கிளம்பி 1150 நாள் ஆச்சாம். போய்ச் சேர்றதுக்குள்ள இங்க ராஜராஜன் காலமே முடிஞ்சு போச்சு. ராஜேந்திரன் காலத்துல 1033ல இன்னொரு குழு. மூணாவதா குலோத்துங்கன் காலத்துல 1077ல 72 பேர். கொண்டு போன சாமான்ல யானைத் தந்தம், கற்பூரம், கிராம்பு, பன்னீர், பெருங்காயம் எல்லாம் இருக்கு (பெருங்காயத்தை வெச்சுச் சீனாக்காரன் என்ன பண்ணினான்னு கேக்காதீங்க, ஆபீஸ்ல ஒரு நாள் ரசம் கொண்டு போனதுக்கு என் பக்கத்து சீட்டு ஆளு ஜன்னலைத் திறந்துட்டாரு). அதுக்குப் பதிலா சோங் பேரரசர் கொடுத்தது என்ன? 81,800 சரம் செப்புக்காசு!

நான் சும்மா இருப்பேனா, கணக்குப் போட்டேன். சரத்துக்கு 1000ன்னு வெச்சா 8 கோடியே 18 லட்சம் காசு. ஒரு காசு சுமாரா மூணரை, நாலு கிராம். மொத்தம் ஏறக்குறைய 300 டன். சோங் காலத்துல அரசாங்கக் கணக்குக்கு நூறுன்னா எழுபத்தேழுதான் எண்ணுவாங்கங்கிறதால கொஞ்சம் குறைச்சுக்கலாம். குறைச்சாலும் 200 டன்னுக்கு மேல. 72 பேரு இதை மூட்டை கட்டிக்கிட்டு வந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணலை. அங்கேயே பட்டும் பீங்கானுமா மாத்தியிருப்பாங்க. தூதுங்கிறது பேருக்குத்தான், நடந்தது வியாபாரம்னு நீலகண்ட சாஸ்திரி காலத்துல இருந்தே சொல்லிக்கிட்டு இருக்காங்க. அந்த 1077 தூதுல ஸ்ரீவிஜயத்துக்காரங்க கை இருந்துச்சுன்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு. அப்போ சீனாவோட நிலைமையையும் பாருங்க, 1080ல ஒரே வருஷத்துல 50 லட்சம் சரத்துக்கு மேல காசு வார்த்திருக்காங்க. அப்படியும் உள்ளூர்ல காசுக்குப் பஞ்சம். செப்புக்காசு வெளிநாட்டுக்குப் போகக் கூடாதுன்னு சட்டம் போட்டுப் போட்டுப் பார்த்தாங்க. ஜப்பானுக்கும் ஜாவாவுக்கும் நம்ம கரைக்கும் கப்பல் கப்பலா போய்க்கிட்டேதான் இருந்துச்சு.

நம்ம கரைக்கு வந்ததுக்குச் சாட்சி வெளியூர்ல தேட வேணாம். புதுக்கோட்டைக்கு அடுத்த வீடு மாதிரி இருக்கிற பட்டுக்கோட்டை, மன்னார்குடி பக்கம்தான். விக்கிரமம், தாலிக்கோட்டை, ஒலயகுன்னம் ஆகிய மூணு ஊர்லயும் மண்ணுக்கடியில இருந்து சீனக் காசுப் புதையல் எடுத்திருக்காங்க. மூணும் சேர்த்தா 2000 காசுக்கு மேல. பெரும்பாலும் சோங் காலத்துக் காசு. நான் சின்ன வயசுல எத்தனையோ தடவை பஸ்ல போன வழி. ஜன்னலோரத்துல உட்கார்ந்து முறுக்கு தின்னுக்கிட்டே போனவனுக்கு என்ன தெரியும்!

எங்க மாவட்டத்துல சீனக் காசுப் புதையல் இல்லையேன்னு ஒரு சின்னப் பொறாமை. ஆனா நாங்க ரோமாபுரிக்காரங்க. ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில 1898ல கிடைச்சது 501 ரோமானியத் தங்கக் காசு. அதுல பெரும்பாலான காசுல ராஜா மூஞ்சி மேல உளியால ஒரு வெட்டு. ஏன் வெட்டினாங்கன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. செல்லாத காசுன்னு குறி போட்டதா இருக்கலாம், தங்கம்தானான்னு பார்த்ததா இருக்கலாம். எதுவா இருந்தாலும் ரோமாபுரி ராஜாவுக்கு எங்க ஊர்ல மரியாதை இல்லை, தங்கத்துக்குத்தான் மரியாதை. சீனச் செம்பையும் நம்மாளுங்க அப்படித்தான் பார்த்திருப்பாங்கன்னு என் ஊகம். உருக்கினா குத்துவிளக்கு ஆகுமே.

வியாபாரிகளும் எங்க பக்கம் குறைச்சல் இல்லை. கொடும்பாளூர்னா 'பொன்னியின் செல்வன்' படிச்ச எல்லாருக்கும் வேளார்தான் ஞாபகம் வருவாரு, வானதி வருவா. எனக்கு ஞாபகம் வர்றது கொடும்பாளூர் மணிக்கிராமம். அது வணிகர் குழு. கல்வெட்டுகள்ல ஊர்ப் பேரோடவே வரும். 9ம் நூற்றாண்டுல தாய்லாந்து தகுவாபாவுல ஒரு தமிழ்க் கல்வெட்டு, அங்க வெட்டின குளத்தைப் பாதுகாக்கிற பொறுப்புல இதே மணிக்கிராமத்தார்ங்கிற பேரு இருக்கு. அது கொடும்பாளூர் கிளைதான்னு கல்லு சொல்லலை, நானும் சொல்லலை. ஒரு தடவை மெயிலை நம்பிச் சூடு பட்ட பூனை நான்.

சியாமென்ல இருந்து சுவென்சௌ (குவாங்சூன்னும் எழுதுறாங்க, அது வேற ஊரோட குழம்பும்) அதிவேக ரயில்ல அரை மணி நேரம், கொஞ்சம் கூட. மார்க்கோ போலோ 'சைத்தூன்'னு எழுதின துறைமுகம். அலெக்சாந்திரியாவுக்கு மிளகோட ஒரு கப்பல் போனா இங்க நூறு வரும்னு அவர் சொன்னாரு. அங்க 1956ல ஒரு கல் கிடைச்சது. மேல தமிழ், கீழ ஒரு வரி சீன எழுத்து. சக வருஷம் 1203 சித்திரை மாசம், அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள்னு ஒரு தமிழர், செகசைகான் உடம்பு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு அவரோட அனுமதியோட சிவனைப் பிரதிஷ்டை பண்ணியிருக்காரு. செகசைகான் யாருன்னா குப்லாய் கான்! மங்கோலியப் பேரரசனுக்கு உடம்பு நல்லா இருக்கணும்னு சீனாவுல ஒரு தமிழன் சாமிக்கு வேண்டியிருக்கான்.

அந்தக் கோயில் இப்போ இல்லை. கல்லெல்லாம் ஊரு பூரா சிதறிக் கிடந்திருக்கு. கையுவான் புத்த கோயில்ல பெரிய மண்டபத்துக்குப் பின்னாடி ரெண்டு தூண். வெளியில கொளுத்துற வெயில், உள்ள ஊதுவத்தி வாசனை. கிட்டப் போய்ப் பார்த்தா ஒரு வட்டத்துக்குள்ள நரசிம்மர் இரணியனைக் கிழிச்சுக்கிட்டு இருக்காரு. எனக்கு முடி சிலிர்த்துருச்சுங்க. அருங்காட்சியகத்துல இன்னொரு கல், யானை ஒண்ணு லிங்கத்தைக் கும்பிடுது. திருச்சியில படிச்சவனுக்கு அது திருவானைக்கா கதைன்னு யாரும் சொல்ல வேணாம். பக்கத்துல நின்ன ஒரு அக்கா குழந்தைக்கு யானையைக் காட்டிச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்துச்சு.

திரும்பி வர்ற வழியில வண்டியில சுட்டு வித்த சீனிக்கிழங்கு வாங்கினேன். சென்னைக்காரங்களுக்கு சர்க்கரைவள்ளி. எங்க ஊர்ல சர்க்கரைன்னு யாரும் சொல்லுறதில்லை, சீனிதான். சீனின்னா சீனத்துச் சரக்குன்னு அர்த்தம். இதுல ஒரு கூத்து. 647ல தாங் பேரரசன் தாய்சோங் கரும்புச் சாறு காய்ச்சுற வித்தையைக் கத்துக்கிட்டு வர மகதத்துக்கு ஆள் அனுப்பினான்னு அவங்க வரலாறே சொல்லுது. நம்மகிட்ட கத்துக்கிட்டுப் போனவன் பேரையே அந்தச் சரக்குக்கு வெச்சுக் கூப்பிடுறோம். அவன் காசுக்கு நம்ம பேரு, நம்ம சர்க்கரைக்கு அவன் பேரு. டீயும் சேர்த்துக்கோங்க. சியாமென் பேச்சுல தேயிலைக்குத் 'தே'ன்னுதான் சொல்றாங்க. எங்க அப்பத்தா 'தேத்தண்ணி'ங்கும். பெய்ஜிங் பாஷையில 'சா', அது மலையாளக் கரையில சாயா. நான் அங்க மூணு மாசம் மொழி தெரியாம முழிச்சதுல எனக்குத் தானா புரிஞ்ச ஒரே சொல்லு 'தே'தான்.

இனி எங்கூரு காசு. தாத்தாகிட்ட ரெண்டு ஓட்டைக்காசு வாங்கினேன் (போலியா இருக்க வாய்ப்பு அதிகம்னு நண்பர் முன்னாடியே எச்சரிச்சாரு). சியென்லோங் பேரரசன் காலத்துக் காசு, 1736ல இருந்து 1795 வரைக்கும். முன்பக்கம் நாலு சீன எழுத்து. பின்பக்கம் வேற மாதிரி கோணல் மாணலா எழுத்து. கேட்டா அது மஞ்சு எழுத்தாம். ஆண்ட பரம்பரையோட தாய்மொழி. காசைக் கையில வெச்சிருந்த சீன ஜனத்துல பெரும்பாலானவங்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

அதே காலத்துல புதுக்கோட்டையை ஆண்டவர் விஜய ரகுநாத ராயத் தொண்டைமான். 1738ல சதாசிவப் பிரம்மேந்திரர் அவருக்கு மணல்ல மந்திரம் எழுதிக் கொடுத்தாருன்னும், அதுக்கப்புறம்தான் அரண்மனையில நவராத்திரி பெருசா நடக்க ஆரம்பிச்சதுன்னும் சொல்லுவாங்க. அந்த நவராத்திரியில அரிசியோட சேர்த்து தானமா கொடுத்தது அம்மன் காசு. சுண்டு விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெருசா ஒரு செப்புத் துண்டு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிருகதாம்பாள் உட்கார்ந்திருப்பா. இன்னொரு பக்கம் 'விஜய'ன்னு எழுத்து. எந்த எழுத்துல? தெலுங்குல! தமிழ் ஊரு, தமிழ் ஜனம், தெலுங்கு எழுத்து. பெய்ஜிங்காரனும் புதுக்கோட்டைக்காரனும் ஒரே நேரத்துல படிக்கத் தெரியாத காசை எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க.

20 அம்மன் காசு ஒரு அணா. அப்படின்னா ஒரு ரூபாய்க்கு 320. இந்தியா பூரா ராணி படமும் ராஜா படமும் போட்ட காசு ஓடுறப்போ எங்க சமஸ்தானத்துல மட்டும் இதுவும் கூட ஓடிச்சு. 1948 மார்ச் 3ம் தேதி ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்தியாவோட சேர்த்தாரு, காசுக்கும் வேலை முடிஞ்சுது. ஆனா அம்மனுக்கு வேலை முடியலை. எங்க பக்கம் அவளுக்கு அரைக்காசு அம்மன்னுதான் பேரு. எதையாவது தொலைச்சுட்டா அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டா கிடைச்சுடும். சியாமென்ல என் பாஸ்போர்ட் ஒரு நாள் காணாமப் போய், அம்மா போன்லயே வேண்டிக்கிட்டு, அது துவைக்கப் போட்ட சட்டைப் பையில கிடைச்ச கதை தனி.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன். எங்க வீட்டுல ஒரு சின்னச் செம்பு நிறைய அம்மன் காசு இருந்துச்சாம். தாத்தா காலத்துச் சேமிப்பு. எங்க அப்பா சின்னப் பையனா இருந்தப்போ, வீட்டுல ரொம்பக் கஷ்டம் வந்த ஒரு வருஷம், பழைய பாத்திரக் கடையில எடைக்குப் போட்டு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கியிருக்காங்க. அந்தக் குடம் இன்னும் அடுப்படியில இருக்கு, அடியில நசுங்கி. நான் இந்தக் கதையை முதல்ல கேட்டப்போ கோவம் வந்துச்சு. "அறிவிருக்கா உங்களுக்கெல்லாம், சரித்திரத்தைப் போயி எடைக்குப் போட்டீங்களே"ன்னு கத்தினேன். அப்பத்தா அசரலை. "ஏம்ப்பா, அந்தக் காசைக் கடையில குடுத்தா ஒரு சாண் வெத்தலை குடுப்பானா? குடத்துல அறுவது வருசமா தண்ணி குடிச்சிருக்கோம்ல" அப்படின்னுச்சு. பதில் சொல்லத் தெரியலை. கருக்காக்குறிச்சியில உளியால வெட்டினவனும் பட்டுக்கோட்டைப் பக்கம் சீனக் காசைப் புதைச்சவனும் என்ன நெனச்சானுங்களோன்னு இப்போ யோசிக்கிறப்போ, அப்பத்தா குரல்தான் கேக்குது.

போன மாசம் ஊருக்கு வந்தப்போ அந்த ரெண்டு ஓட்டைக்காசையும் அப்பத்தா கையில கொடுத்தேன். எண்பத்தஞ்சு தாண்டிடுச்சு, கண்ணு மங்கல். புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவி, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துச்சு. "ஓட்டக் காலணா மாதிரி இருக்கு"ன்னுச்சு. 1943ல யுத்தத்துக்குச் செம்பு பத்தாம வெள்ளைக்காரன் நடுவுல வட்ட ஓட்டை போட்டு விட்ட காலணா. அதைக் கறுப்புக் கயித்துல கோத்துக் குழந்தைங்க இடுப்புல கட்டுவாங்களாம், எங்க பெரியப்பாவுக்கும் கட்டியிருந்துச்சாம். அப்புறம் ஓட்டைக்குள்ள சுண்டு விரலை விட்டுப் பார்த்துட்டு, "சதுரமா ஓட்டை போட்டிருக்கானே கிறுக்கன்"ன்னுச்சு. அரம், கம்பி எல்லாம் விளக்கினேன். கேட்டுச்சா தெரியலை.

அப்புறம் மெதுவா, "இதுக்கு அங்க என்னடா வாங்கலாம்?"

"ஒண்ணும் வாங்க முடியாது அப்பத்தா. அங்க யாரும் இப்போ காசே வாங்குறது இல்லை."

"பின்ன எதுக்குடா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்த?"

ஒரு காசை சாமி படத்துக்கு முன்னாடி அரைக்காசு அம்மன் பக்கத்துல வெச்சிருக்கு. இன்னொண்ணைக் கேட்டேன், தம்பி மகளுக்கு அரைஞாண் கயித்துல கோக்கணும்னு முடிஞ்சு சுருக்குப்பையில போட்டுக்கிச்சு.